மகாராணி என்று மட்டும் வைக்காதே

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி ஏதாவது இருந்தால் என்னிடம் மறைக்காதே. இங்கே நானும் உன் அண்ணனும் மருமகளும் எழுந்திருக்கிறோம், குளிக்கிறோம், சாப்பிடுகிறோம், உங்கப்பா இல்லாத வீட்டில் அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. முட்டி வலி அப்படியே இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, உன் அண்ணன் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்கிறான், அது அவன் பார்க்கப் பார்க்க ஒழுகிக்கொண்டிருக்கிறது. எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காதே, நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே விடும்மா விடும்மா என்று ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் எனக்கு அழுகை வந்துவிடும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். அம்மா கடிதம் கைக்கு வருகிறவரை பேர் வைக்காதே என்று ஒரு வரி மட்டும் மருமகளை அனுப்பச் சொன்னேன், அது வந்திருக்கும்.

நீ ஏதோ வலைப்பூ தொடங்கப் போகிறாய், செடி கொடி மழை குருவி என்று எழுதப் போகிறாய், அதற்கு இயற்கையிலிருந்து அர்த்தமுள்ள ஒரு பேர் வேண்டும், அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தாயாம். மருமகள் படித்துக் காட்டினாள். வலைப்பூ என்றால் என்ன பூ, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, அது பூ இல்லை அத்தை, கம்ப்யூட்டரில் எழுதுகிற டைரி மாதிரி, ஊர் உலகமே படிக்கலாம் என்றாள். ஊர் உலகமே படிக்கலாம் என்பதுதான் என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் அவள் சொன்னது ஒன்றும் விழவில்லை, திரும்பப் படிக்கச் சொன்னேன். நீ அனுப்பிய பேர்களைக் கேட்டேன் கண்ணு, மனசில் பட்டதைச் சொல்கிறேன். பனித்துளி என்றாய், வெயில் தலையைக் காட்டினால் காணாமல் போகிற சாமானை யாராவது பேராக வைப்பார்களா. தென்றல் என்றாய், தென்றல் வருகிறது என்று இதுவரை ஒருத்தராவது நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார்களா. பச்சைக் கனவு என்பது சோப்புப் பேர் மாதிரி இருக்கிறது என்று மருமகளே சொன்னாள், அவள் உன்னைக் குறை சொல்கிறவள் இல்லை. கடைசியாக மகாராணி என்று படித்தாள். சித்தப்பா புதுச் செம்பருத்திக்கு வைத்த பேர், கேட்கவே அழகாக இருக்கிறது, அவரே கூப்பிட்டு இதையே வைச்சுக்கோம்மா படமெல்லாம் நான் தருகிறேன் என்றார், அனேகமாக இதுதான் என்று எழுதியிருந்தாயாம். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். போட்டு உடைக்கவில்லை, உடைத்தால் நான்தான் கூட்ட வேண்டும்.

நடந்ததை உனக்கு இதுவரை சொல்லாமல் இருந்தது, தூரத்தில் இருக்கிற பிள்ளை மனசை ஏன் கெடுப்பது என்றுதான். இப்போது அவனே உன் மனசுக்குள் பதியன் போட வருகிறான், இனி சொல்லாமல் இருந்தால் நான் உன் அம்மா இல்லை. உன் சித்தப்பாவை அவர் இவர் என்று எழுதக் கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நம் செடிக்கடையில் அவன் முன்பக்கம் கல்லாவில், உங்கப்பா பின்பக்கக் கொட்டகையில், காலமெல்லாம் அப்படித்தான். கொட்டகைப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை, செருப்பில் சேறு ஒட்டுமாம். உங்கப்பா செடிக்குச் சீட்டு எழுதிக் கட்டியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். சீட்டு நனைந்து கிழிந்து போகும், மை ஓடிப் போகும், துணி என்றால் கிடக்கும் என்பார். தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்து, விதை எடுத்து, முளைக்க வைத்து, புதுசாக ஒரு நிறம் பூத்தால், அதைப் பார்த்ததும் யார் ஞாபகம் வருகிறதோ அவர்கள் பேரை வைத்து, அவர்களுடைய பழைய துணியில் ஒரு கீற்றுக் கிழித்துத் தண்டில் கட்டிவிடுவார். மஞ்சளாகக் குலுங்கிப் பூக்குமே, அதற்கு உன் பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டி வாயாடி என்று பேர் வைத்தார். மொட்டு விட்டு நாள் கணக்கில் விரியாமல் நிற்கிற ஒன்றுக்கு உன் அண்ணனின் கிழிந்த பனியனைக் கட்டி தூங்குமூஞ்சி என்றார். வெள்ளையில் ஒன்று வந்தது, பெரிய பூ, நம் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறதே அதுதான், அதற்குத் தம்பி என்று பேர் வைத்து அவன் கட்டம் போட்ட கைலியில் ஒரு கீற்றைக் கட்டினார். அவர் மனசு அப்படி. எனக்கு அந்த மனசு இல்லை. வேலியில் மஞ்சள் நூல் மாதிரி படர்ந்து மற்ற செடியை உறிஞ்சுமே, அந்தக் கொடிக்கு வீட்டுக்குள் நான் வைத்த பேர் உனக்கு மறந்திருக்காது. பரீட்சையில் ஒட்டுண்ணித் தாவரம் ஒன்றின் பெயரை எழுதுக என்று கேட்டதற்கு நீ சித்தப்பா என்று எழுதிவிட்டு வந்தாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், உங்கப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார், அதைக் கேட்டு எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தவன் அவன்தான். அந்த டீச்சர் உனக்கு முட்டை போட்டார். இப்போது அவரைப் பார்த்தால் அந்த மார்க்கைத் திருப்பிக் கேட்பேன்.

நீ அந்த நாட்டுக்குப் போன பிறகு பூத்ததுதான் இந்தச் சிவப்பு. நீ கடைசியாக வந்தபோது அது பூக்கவில்லை, அதனால் நேரில் பார்த்ததில்லை. மற்ற செம்பருத்தி காலையில் பளிச்சென்று இருந்து சாயங்காலம் வெளுத்துச் சுருங்கும், இது அப்படி இல்லை, நேரம் ஆக ஆகச் சிவந்துகொண்டே போய் விளக்கு வைக்கிற வேளைக்கு ஏறக்குறைய கறுப்பாக நிற்கும். அது முதல் தடவை பூத்த அன்றைக்கு உங்கப்பா சாப்பிடக்கூட வராமல் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போனால், உன் பச்சைச் சட்டை வேணும் என்கிறார். மஞ்சள் புள்ளி போட்ட அந்தச் சட்டை, நன்றாக இருக்கிற சட்டை, நான் தர மாட்டேன் என்றேன். கேட்டால்தானே. வீட்டுக்கு வந்து அவரே எடுத்துக் கீழ்மடிப்பில் ஒரு கீற்றைக் கிழித்துக்கொண்டு போய்க் கட்டினார். அப்புறம் என் காதுக்குள் பேரைச் சொன்னார். நான் துடைப்பத்தை ஓங்கினேன், அவர் சிரித்துக்கொண்டே தொட்டி தொட்டியாக மறைந்து ஓடினார். அந்தப் பேர் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். உனக்குக் கடைசியில் சொல்கிறேன், பொறு. ஒரு தண்டை ஒடித்து டின்னில் நட்டு எனக்கென்று வீட்டுக்கும் கொண்டுவந்து, கிழித்த துணியில் மிச்சத்தை அதன் தண்டிலும் கட்டி ஜன்னலில் வைத்தார். பாப்பாவுக்கு நல்ல போட்டோ எடுத்து அனுப்பணும், அப்போ நானே பேரைச் சொல்லுவேன் என்றார். அதற்குள்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொட்டகையிலேயே சாய்ந்துவிட்டார். தூரிகை சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதை என் கையில் கொடுத்தார்கள்.

நீ காரியத்துக்கு வந்து போன கொஞ்ச நாளிலேயே அவன் அந்தச் செடியைத் தொட்டியோடு தூக்கிக் கடை முன்னால் வைத்தான். அதிலிருந்து ஒடித்து ஒடித்துக் கன்று போட்டான். ஆள் உயரத்துக்கு ஒரு கலர் போர்டு அடித்து மகாராணி என்று எழுதி மாட்டினான். எந்த நாட்டு மகாராணியோ. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, வியாபாரம் பண்ணுகிறவன் நாலு பேருக்குப் புரிகிற பேர் வைக்கிறான் என்று விட்டேன். ஒரு நாள் உங்கப்பாவின் ரப்பர் பூட்ஸை எடுத்துக்கொண்டு வரக் கொட்டகைக்குப் போனேன். முன்பக்கம் பத்திரிகைக்காரர் ஒருத்தர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இதை உருவாக்கியது உங்க அண்ணன்தானே என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. இவன் சொல்கிறான், அண்ணனா, அண்ணன் தண்ணி ஊத்துவார் சார், அவ்வளவுதான். நான் பூட்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பூட்ஸுக்குள் இன்னும் காய்ந்த மண் இருந்தது, அது என் சட்டையெல்லாம் கொட்டியது. தண்ணி ஊத்துவாராம். பேரை மாற்றியதைக்கூட ஒரு நாள் நான் மன்னித்திருப்பேன். இதை என் உயிர் இருக்கிற வரை மன்னிக்க மாட்டேன், அப்புறமும் மாட்டேன்.

அவன் கடைக்குப் புது வாசல் வைத்து விழா மாதிரி நடத்தினான். ஊரில் பாதிப் பேரைக் கூப்பிட்டிருந்தான், என்னையும்தான், அண்ணி கண்டிப்பாக வரணும் என்று. அதற்கு முந்தின வாரம் தெருவில் போகும்போது அந்தப் போர்டைக் கிட்ட நின்று பார்த்தேன். பார்த்துச் சிரித்துவிட்டேன், தனியாக நின்று சிரிக்கிறாளே என்று போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். போட்டோ எடுத்தவன் பூவை மட்டும் எடுக்காமல் தண்டோடு எடுத்திருக்கிறான். தண்டில் என் பச்சைச் சட்டைத் துணி, மஞ்சள் புள்ளியோடு, என் கை அகலத்துக்குப் பெரிதாகத் தொங்குகிறது. அவன் அதை ஏதோ அடையாளத் துணி என்று நினைத்து விட்டுவிட்டான். கொட்டகைக்கு ஒரு நாளாவது வந்திருந்தால் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் துழாவி அந்தச் சட்டையை எடுத்தேன். மடிப்புக் கிழிந்தது கிழிந்தபடியே இருந்தது. இஸ்திரி போட்டேன். மருமகள், அத்தை கிழிஞ்சதைப் போட்டுக்கிட்டா விழாவுக்குப் போறீங்க என்று பதறினாள். ஆமாம், இதைப் போடத்தான் போறேன் என்றேன். போய் அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை கண்ணு, சத்தியமாகப் பேசவில்லை. யாராவது காபி கொடுத்தால் வாங்கிக் குடித்தேன், மறுபடி வந்து நின்றேன். அவன் மைக்கில், இது என் கை உழைப்பு, என் குழந்தை மாதிரி என்று பேசிக்கொண்டிருக்கிறான். நம் தெருத் தையல்காரம்மா என் கிட்ட வந்து சட்டையைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், திரும்பச் சட்டையைப் பார்த்தாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது என்று உனக்குத் தெரியும். ஏன்க்கா, இது நான் தச்ச சட்டையாச்சே, இந்தத் துணி எப்படிக்கா போர்டுல ஏறுச்சு, செடியைப் பண்ணது இவரு, கோவணம் கட்டிவிட்டது நீங்களா என்று கேட்டாள். முன்வரிசை திரும்பியது. கடை வேன் டிரைவர், அது எங்க பெரிய முதலாளி கட்டினது, அவர்தான் எல்லாச் செடிக்கும் துணி கட்டுவார் என்று பட்டென்று சொல்லிவிட்டார், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மைக்கில் அவன் குரல் நின்று போனது. அப்புறம் ஏதோ நன்றி சொன்னான், யாரும் கேட்கவில்லை, எல்லோரும் என் கிழிந்த மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கப்பா போன பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தான். அண்ணி, ஊர் முன்னாடி இப்படிப் பண்ணலாமா என்றான். நான் என்ன தம்பி பண்ணேன், சட்டை போட்டுக்கிட்டு வந்தேன், அதுவும் தப்பா என்றேன். அப்புறம், வேணும்னா அண்ணன் பேரையே வச்சிடறேன், போர்டை மாத்திடறேன் என்றான். அவர் பேர் வேண்டாம், அவர் வைத்த பேர் இருக்கிறது என்று சொன்னேன். என்ன பேர் என்றான். கேட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்போதே போர்டுக்காரனுக்குப் போன் போட்டுவிடுவான் போல. நான் சொல்லவில்லை. பின்கட்டுக்குப் போய் அந்த வெள்ளைச் செடியில் கட்டியிருந்த கைலித் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தேன். இது உன் பழைய கைலி, பார்த்துக்க, உங்கண்ணன் ஒரு பூவுக்கு உன் பேர் வச்சிருந்தார், தம்பின்னு, இன்னையோட அந்தச் செடிக்குப் பேர் கிடையாது, இதை நீயே வச்சுக்க, என் துணியை எனக்கு அனுப்பு, முடிச்சு கலையக்கூடாது, அது அவர் போட்ட முடிச்சு என்றேன். அந்தக் கீற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அப்புறம் அழுதான். நிஜ அழுகைதான், எனக்குத் தெரியும். எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். நன்றாக இருந்தது. ஆப்பிளைப் பையோடு திருப்பிக் கொடுத்தேன்.

அவன் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன், இப்படியா அம்மா பழிவாங்குவது என்று நீ நினைப்பாய். அதெல்லாம் எனக்கும் மறக்கவில்லை. வேற்று ஆள் யாராவது அண்ணன் தண்ணி ஊத்துவார் என்று சொல்லியிருந்தால் முகத்தில் துப்பிவிட்டு வந்து அன்றைக்கே மறந்திருப்பேன். இவன் அவர் கையால் சோறு வாங்கித் தின்றவன். போர்டை இறக்கிவிட்டானாம், வேன் டிரைவர் சொன்னார். அதற்காக அடங்கிவிட்டான் என்று நினைக்காதே, உன்னிடம் மகாராணியை வைக்கச் சொன்னது அதற்கு அப்புறம்தான். அண்ணன் என்ன பேர் வச்சிருந்தார், அண்ணி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா என்று மருமகளுக்குப் போன் போட்டிருக்கிறான், தையல்காரம்மாவைக் கேட்டிருக்கிறான், உன் அண்ணனைக்கூட டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருக்கிறான். அந்தப் பேரும் கையில் கிடைத்தால் அதையும் நான்தான் வைத்தேன் என்று எழுதி மாட்டிவிடுவான். அதனால்தான் யாருக்கும் சொல்லாமல் உனக்கு மட்டும் எழுதுகிறேன். உன்னிடமும் நைசாகக் கேட்பான், செல்லம் கொஞ்சுவான். அம்மா சொல்லவில்லை சித்தப்பா என்று சொல்லிவிட்டு வை. முதலில் உன் வலைப்பூவில் வரட்டும், ஊர் உலகம் படிக்கட்டும், அப்புறம் அவன் படிக்கட்டும்.

பேர் கோவக்காரி. அதுதான் உங்கப்பா என் காதில் சொன்னது. உன்னை மாதிரியேதான்டி, காலையில சும்மா சிவப்பு, போகப் போகத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு ஓடினார். இயற்கையிலிருந்து பேர் கேட்டாயே, இது செடியில் பூத்தது. அர்த்தம் கேட்டாயே, அர்த்தம் இங்கே முட்டி வலியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. வலைப்பூவுக்கு அதையே வை. பெரிய எழுத்தில் வை. ஜன்னலில் இருக்கிற என் செடி இன்றைக்குப் பூத்திருக்கிறது, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று மருமகள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள், கேட்டால் அனுப்புவாள், தண்டில் சட்டைத் துணி தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னேன். ஒன்று மட்டும் கவனம். அவனைத் திட்டி எழுதாதே, அவன் பேச்சையே எடுக்காதே. திட்டினால் ஐயோ பாவம் என்று அவன் பக்கம் நாலு பேர் போய் உட்காருவார்கள். இந்தப் பூவை உண்டாக்கியவர் என் அப்பா, பேர் கோவக்காரி, பேர் வைத்தவரும் அவர்தான் என்று மட்டும் எழுது. அது போதும். அதைப் படித்தவர்கள் அவன் கடைக்கு வர வேண்டும். வந்து மகாராணி இருக்கா என்று கேட்கக் கூடாது, கோவக்காரி இருக்கா என்று கேட்க வேண்டும். அவன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, இருக்கு என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

மாப்பிள்ளை கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாரா, தள்ளிப் போட விடாதே, அப்புறம் முகம் வீங்கிக்கொண்டு வேலைக்குப் போவார். குட்டிக்குக் காதை மூடுகிற தொப்பி போடு. நீ ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, கோபத்தையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நேரத்துக்குச் சாப்பிடு. உங்கப்பா கடைசியாக விதைத்த ஒரு நாற்று இருக்கிறது, இன்னும் பூக்கவில்லை, என்ன நிறம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் தமக்கென்று ஒரு செடிக்கும் துணி கட்டிக்கொண்டதில்லை, அதனால் நானே அவருடைய நீலச் சட்டையில் ஒரு கீற்றைக் கிழித்து அதில் கட்டி, யார் கண்ணிலும் படாமல் குளியலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். பூத்தால் உனக்குத்தான் முதலில் சொல்வேன்.

நீயும் உன் வீடும் நன்றாக இருக்க வேண்டும், உன் கை வைத்ததெல்லாம் துளிர்க்க வேண்டும், உன் உழைப்புக்கு உன் பேரே நிற்க வேண்டும், அதை யாரும் பிடுங்காமல் இருக்க வேண்டும் என்று அம்மா நெஞ்சார வாழ்த்துகிறேன். கடிதத்தோடு ஒரு பச்சைத் துணி வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. அவன் வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்பியது, மறுபக்கம் கத்தரித்து எடுத்திருக்கிறான், முடிச்சு அப்படியே இருக்கிறது. நீ துவைக்காதே, அவிழ்க்காதே. அது உங்கப்பா கை கடைசியாகப் போட்ட முடிச்சுகளில் ஒன்று, இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா,
கோவக்காரி.